வாயு ஒன்றுதான், வழி காட்டுவது உலோகம்

போன இதழில் வெல்டிங் சிலிண்டர் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 'அசிட்டிலீனின் குணம் தெரிய வேண்டுமானால் அது எந்த உலோகத்தோடு சேர்கிறது என்று பாருங்கள்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாடப்புத்தகக் கேள்வி, பட்டறைக் கேள்வி, வாழைத்தார்க் கேள்வி, தேயிலைத் தோட்டக் கேள்வி என்று எல்லாமே சுற்றிச்சுற்றி அந்த வரிக்கே வருவதால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு கார்பன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இணைந்திருக்கும் சேர்மங்களுக்கு ஆல்கைன் என்று பெயர். இரண்டு பிணைப்பானால் ஆல்கீன், ஒற்றைப் பிணைப்பு மட்டுமானால் ஆல்கேன். அந்தக் குடும்பத்தில் மிகச் சின்னது ஈத்தைன். பட்டறையில் அசிட்டிலீன் என்பது அதைத்தான். தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்துவதுதான் வினைவேகமாற்றி.

கேள்வி: சார், ஈத்தைன் என்ற ஒரே வாயுவில் நிக்கல் போட்டால் ஈத்தேன், லிண்ட்லார் வினைவேகமாற்றி போட்டால் ஈத்தீன், மெர்குரிக் சல்பேட் போட்டால் அசிட்டால்டிஹைடு, சூடான இரும்புக் குழாயில் விட்டால் பென்சீன் என்று புத்தகம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மனப்பாடம் செய்கிறேன், மறந்துபோகிறது. இதற்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?
— பிளஸ் ஒன் மாணவி, கோத்தகிரி

பதில்: இருக்கிறது மா. அம்புக்குறிக்கு மேலே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அதை எல்லோரும் கடைசியாகத்தான் படிக்கிறார்கள்; நீ முதலில் அதைப் படி.

மூன்று பிணைப்புகளில் ஒன்று இரண்டு கார்பன்களுக்கும் நடுவே நேர்கோட்டில் உறுதியாக இருப்பது. மற்ற இரண்டும் அந்தக் கோட்டைச் சுற்றிப் பரவியிருக்கும் எலக்ட்ரான் மேகம். உலோகத்துக்கு வேண்டியது அந்த மேகம்தான். ஆகவே ஒவ்வொரு வினையிலும் 'இந்த உலோகம் அந்த மேகத்தை என்ன செய்தது?' என்று கேட்டுக்கொண்டால் பாதி மனப்பாடம் தேவைப்படாது.

முதலில் நிக்கல், பிளாட்டினம், பல்லேடியம். இவை கரையாத திண்மப் பொடிகள். ஹைட்ரஜன் இவற்றின் பரப்பில் பட்டதும் மூலக்கூறு பிரிந்து தனி அணுக்களாக ஒட்டிக்கொள்கிறது. ஆல்கைனும் தன் மேகத்தால் அதே பரப்பைப் பற்றிக்கொண்டு படுத்துவிடுகிறது. அதன் அடிப்பக்கம் மட்டும்தானே பரப்பின் மேல் இருக்கிறது, அதனால் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் அந்த ஒரே பக்கத்திலிருந்து ஏறுகின்றன. ஏறியதும் ஆல்கீன் வந்துவிட்டது. ஆனால் அதற்கும் ஒரு மேகம் மிச்சம் இருக்கிறது, பரப்பும் கையை விடவில்லை, இன்னும் இரண்டு ஹைட்ரஜன் ஏறி ஆல்கேன் ஆகிவிடுகிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ் என்று வைத்துக்கொள்: ஊட்டி ஆல்கைன், மேட்டுப்பாளையம் ஆல்கேன், நடுவில் குன்னூர்தான் ஆல்கீன். வெறும் நிக்கல் குன்னூரில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ். லிண்ட்லார் என்பது குன்னூரில் இறக்கிவிட்டுத் திரும்பும் பஸ்.

எப்படி இறக்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம். ஹெர்பர்ட் லிண்ட்லார் சுவிட்சர்லாந்தில் ஹாஃப்மன்-லா ரோஷ் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வைட்டமின் ஏ தயாரிப்பில் ஒரு முப்பிணைப்பை இரட்டைப் பிணைப்போடு நிறுத்த வேண்டியிருந்தது. 1952-ல் அவர் வெளியிட்ட வழி என்ன தெரியுமா? கால்சியம் கார்பனேட்டின் மேல் பல்லேடியத்தைப் படிய வைத்து, அதை ஈய அசிட்டேட்டாலும் குயினோலினாலும் வேண்டுமென்றே கெடுத்துவிடுவது. நல்ல வினைவேகமாற்றிக்கு நஞ்சு வைத்து அதன் வீரியத்தைக் குறைக்கிறார். ஆல்கைன் உலோகப் பரப்பை இறுக்கமாகப் பிடிக்கும், ஆல்கீனின் பிடி அதைவிடத் தளர்ந்தது. வீரியம் குறைந்த பரப்பில் ஆல்கைனுக்கு இடம் கிடைக்கும், ஆல்கீன் உருவானதும் கழன்றுவிடும். இரண்டு ஹைட்ரஜனும் ஒரே பக்கம் ஏறியதால் கிடைப்பது சிஸ் மாற்றியம், அதாவது பெரிய தொகுதிகள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் இருக்கும் வடிவம்.

நீ கோத்தகிரி என்பதால் கூடுதலாக ஒன்று. கொழுந்து கிள்ளும்போது கையில் ஒட்டும் பச்சை வாசம் இருக்கிறதே, புல் வெட்டினாலும் வருவது, அதில் பெரும் பங்கு சிஸ்-3-ஹெக்சினால் என்ற ஆல்கஹாலுக்கு. வாசனைப் பொருள் தொழிலில் இதைச் செயற்கையாகத் தயாரிக்க 3-ஹெக்சைன்-1-ஆல் என்ற ஆல்கைனை எடுத்து லிண்ட்லார் வகை வினைவேகமாற்றியில் ஹைட்ரஜன் ஏற்றுகிறார்கள். ஹைட்ரஜன் எதிரெதிர்ப் பக்கம் ஏறிவிட்டால் வாசமே வேறாகிவிடும். இலைக்கு இதற்கெல்லாம் பல்லேடியம் வேண்டாம். அது தன் கொழுப்பு அமிலத்தை நொதிகளால் உடைத்து அதே மூலக்கூறுக்கு வந்து சேர்கிறது.

அடுத்து மெர்குரிக் சல்பேட் என்ற பாதரச உப்பு. இது கரைசலில் அயனியாக இருக்கிறது, அதனால் வேலையும் வேறு. தண்ணீர் ஏன் தானாக ஆல்கைனோடு சேர்வதில்லை? தண்ணீரின் ஆக்சிஜனிலும் எலக்ட்ரான் நிறைய, முப்பிணைப்பிலும் எலக்ட்ரான் நிறைய, இரண்டுக்கும் ஒன்றின் மேல் ஒன்றுக்கு ஆசை இல்லை. இரண்டு நேர்மின் சுமையோடு பாதரச அயனி வந்து மேகத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. கார்பனில் எலக்ட்ரான் பஞ்சம் வருகிறது. அப்போதுதான் தண்ணீர் உள்ளே நுழைகிறது. பிறகு அமிலத்தின் ஹைட்ரஜன் வந்து பாதரசத்தை வெளியேற்றும், கிடைப்பது வினைல் ஆல்கஹால். அது நிலைக்காமல் உடனே அசிட்டால்டிஹைடாக மாறிக்கொள்கிறது. சுமார் 40 சதவீத கந்தக அமிலம், 1 சதவீத மெர்குரிக் சல்பேட், 60 டிகிரி செல்சியஸ் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஈத்தைனுக்குப் பதில் மூன்று கார்பன் உள்ள புரோப்பைன் எடுத்தால் தண்ணீர் நடுக் கார்பனில் போய் உட்கார்ந்து அசிட்டோன் வரும். தேர்வில் இந்த இடத்தில் ஆல்டிஹைடு என்று எழுதிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

இரும்புக் குழாய் விஷயம் சுருக்கமாக. மூன்று ஈத்தைன் சேர்ந்து ஒரு பென்சீன். பெர்த்தலோ 1866-லேயே செய்து காட்டியது. 600 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், கூடவே கரியும் தாரும் வரும். அதே ஈத்தைனை நிக்கல் சயனைடோடு அழுத்தத்தில் வைத்து வால்டர் ரெப்பே என்ற ஜெர்மானியர் நான்கைச் சேர்த்து எட்டுக் கார்பன் வளையம் செய்தார். குப்ரஸ் குளோரைடு என்ற செம்பு உப்பும் அம்மோனியம் குளோரைடும் இருந்தால் வளையமே இல்லை, இரண்டு ஈத்தைன் நீளவாக்கில் சேர்ந்து வினைல் அசிட்டிலீன். நியோப்ரீன் ரப்பர் முதலில் அந்த வழியில்தான் வந்தது. எத்தனை மூலக்கூறு, எந்த வடிவத்தில் சேரும் என்பதை உலோகம்தான் தீர்மானிக்கிறது என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: லிண்ட்லார் சிஸ் கொடுக்கிறது, சரி. டிரான்ஸ் வேண்டுமென்றால் ஏன் சோடியமும் திரவ அம்மோனியாவும்? சோடியத்துக்கும் பரப்பு இருக்கிறதே?
— பி.எஸ்ஸி. மாணவர், ஊட்டி

பதில்: அங்கே பரப்புக்கு வேலையே இல்லை தம்பி. சோடியம் திரவ அம்மோனியாவில் கரைந்துவிடுகிறது. அந்த நீல நிறமே கரைசலில் சுற்றும் எலக்ட்ரானின் நிறம். ஹைட்ரஜன் வாயுவும் கிடையாது. ஒரு எலக்ட்ரான் ஏறும், அம்மோனியாவிலிருந்து ஒரு புரோட்டான் வரும், மறுபடி ஒரு எலக்ட்ரான், மறுபடி ஒரு புரோட்டான். இடையில் மூலக்கூறுக்குத் திரும்பிக்கொள்ள அவகாசம் இருப்பதால் பெரிய தொகுதிகள் எதிரெதிராகப் போய்விடுகின்றன, அதுதான் டிரான்ஸ். இன்னொரு வேறுபாடு: இங்கே சோடியம் செலவாகிறது, அதனால் அது வினைவேகமாற்றி அல்ல. அம்மோனியா திரவமாக இருக்க மைனஸ் 33 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். தலைகுந்தாவில் உறைபனி விழுந்தாலும் அதெல்லாம் இதற்குக் காணாது.

கேள்வி: பட்டறையில் அசிட்டிலீன் ஹோஸ் வெடிப்பு விட்டுவிட்டது. பிரிட்ஜ், ஏ.சி. வேலை செய்கிற நண்பர், செம்புக் குழாய் கிடக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள் என்கிறார். எங்கள் பழைய மேஸ்திரி தொடவே கூடாது என்கிறார். செம்பு நல்ல சாமான்தானே சார்? அப்புறம், மார்கழி, தை மாதக் காலையில் சிலிண்டர் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. கேஸ் குறைத்துத் தருகிறார்களோ?
— வெல்டிங் பட்டறைக்காரர், ஊட்டி

பதில்: மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள் அண்ணா. தண்ணீருக்கும் ஏ.சி. கேஸுக்கும் செம்பு நல்ல சாமான்தான், அசிட்டிலீனுக்கு மட்டும் ஆகாது.

முப்பிணைப்பு ஓரத்தில் இருக்கும் ஆல்கைனில், அந்தக் கார்பனோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனுக்குக் கொஞ்சம் அமிலக் குணம் உண்டு. தண்ணீரைவிட எவ்வளவோ பலவீனமான அமிலம். சும்மா வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் செம்பு அயனி வந்து எலக்ட்ரான் மேகத்தைப் பிடித்து இழுத்தால் அந்த ஹைட்ரஜன் லேசாகக் கழன்றுவிடும், அந்த இடத்தில் செம்பே உட்கார்ந்துகொள்ளும். அதுதான் காப்பர் அசிட்டிலைடு. செம்பழுப்பு நிறப் பொடி. ஈரமாக இருக்கும்வரை பேசாமல் இருக்கும். காய்ந்தால் ஒரு தட்டு, ஒரு உரசல், கொஞ்சம் சூடு போதும், வெடித்துவிடும். குழாய்க்குள் ஈரமும் பச்சைக் களிம்பும் இருந்தால் அசிட்டிலீன் அங்கே தேங்கி நிற்க நிற்க இந்தப் பொடி படிந்துகொண்டே போகும். வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டு, ஒருநாள் ஸ்பேனரால் நட்டைத் திருகும்போது வெடிக்கும். வெள்ளியும் இதே ரகம். அதனால்தான் அசிட்டிலீன் லைனில் செம்புக் குழாயும் கூடாது, செம்பு 70 சதவீதத்துக்கு மேல் உள்ள கலவையும் கூடாது என்பது விதி. சில நாடுகளில் 65-க்கே நிறுத்திவிடுகிறார்கள். ரெகுலேட்டரில் பித்தளை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம்: பித்தளையில் துத்தநாகம் சேர்ந்திருப்பதால் செம்பு அந்த அளவுக்குக் கீழே நிற்கிறது. சரி, டார்ச் முனை சுத்தச் செம்பாயிற்றே என்பீர்கள். நியாயமான கேள்விதான். முனைக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே வாயு தேங்குவதில்லை, ஆக்சிஜனோடு கலந்து ஓடிக்கொண்டே இருக்கிறது, சூட்டைக் கடத்தச் செம்பு வேண்டியும் இருக்கிறது. அந்த விலக்கைக் குழாய்க்கு நீட்டக் கூடாது. இடக்கைப் புரி போட்ட சிவப்பு ஹோஸ் புதிதாக வாங்கிவிடுங்கள்.

குளிர் விஷயத்தில் டீலரைச் சந்தேகப்பட வேண்டாம். அந்த மெரூன் சிலிண்டருக்குள் நுண்துளைகள் உள்ள ஒரு பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அசிட்டோனுக்குள் அசிட்டிலீனைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். வெறும் வாயுவாக அழுத்தி வைத்தால் உலோகம், நெருப்பு எதுவும் இல்லாமலே அது சிதறி வெடிக்கும். குளிரில் அசிட்டோன் அதிக வாயுவைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும், மீட்டர் இறங்கும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். அதற்காகச் சிலிண்டரின் அடியில் நெருப்பு காட்டுவது, படுக்கவைத்து வேலை செய்வது இரண்டும் வேண்டாம். படுக்கவைத்தால் வாயுவோடு அசிட்டோனும் வந்துவிடும். அவுட்லெட் மீட்டரில் 1 கிலோவுக்கு மேல், அதாவது 15 பி.எஸ்.ஐ.க்கு மேல், எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட்டில் அசிட்டிலீன் விட்டு வெள்ளை வீழ்படிவு காட்டினார்கள். அதை வடிதாளோடு குப்பையில் போடலாமா?
— ஆய்வக உதவியாளர், பண்ணைக்காடு

பதில்: கூடவே கூடாது. வடிகட்டவே வேண்டாம். அந்த வெள்ளைப் பொடி சில்வர் அசிட்டிலைடு, காய்ந்தால் மேலே சொன்ன செம்பின் கதைதான், இன்னும் மோசம். சோதனைக் குழாயிலேயே, ஈரமாக இருக்கும்போதே, நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டுச் சிதைத்துவிடுங்கள். மாணவர்களுக்கு இதோடு ஒன்று காட்டலாம்: 1-பியூட்டைன் வீழ்படிவு தரும், 2-பியூட்டைன் தராது. நடுவில் முப்பிணைப்பு இருந்தால் கழற்ற ஹைட்ரஜன் ஏது?

கேள்வி: ஈத்தைனோடு தண்ணீர் சேர்க்கப் பாதரச உப்பு என்று படிக்கும்போது எங்கள் ஊர் வெப்பமானித் தொழிற்சாலைதான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே பாதரசமா? இன்னமும் இப்படித்தான் செய்கிறார்களா?
— கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: தனிமம் ஒன்று, வடிவம் வேறு. உங்கள் ஊரில் பாம்பார் சோலையை ஒட்டியிருந்து 2001-ல் மூடப்பட்ட அந்த ஆலையில் கையாண்டது திரவ உலோகம். கண்ணாடிக்குள் நிரப்பினார்கள், வினை எதுவும் நடத்தவில்லை. அங்கே பயம் ஆவியை மூச்சோடு இழுப்பதும், மண்ணில் சேர்ந்தது பிறகு என்னவாகிறது என்பதும். பாடத்தில் வருவது பாதரசத்தின் உப்பு. இந்த நீரேற்றத்தை 1881-ல் கண்டுபிடித்தவர் மிகயீல் குச்செரோவ் என்ற ரஷ்யர். வேதியியலாக அழகான வினை. ஆனால் தொழிற்சாலை அளவுக்குப் போனதும் என்ன ஆயிற்று என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா ஊர் சாட்சி. அங்கே சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் 1968 வரை இதே வழியில் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. உலைக்குள் பாதரச அயனி ஆல்கைனோடு சேர்ந்து விலகும் சுழற்சியில் ஒரு சிறு பங்கு விலகாமல் கார்பனோடேயே தங்கி மெத்தில் பாதரசமாகிவிட்டது. கழிவுநீரோடு கடலுக்குப் போய், மீனில் சேர்ந்து, மீன் தின்ற பூனைக்கும் மனிதருக்கும் நரம்பு மண்டலம் சிதைந்தது. 1956 மே 1-ந் தேதி நோய் அதிகாரபூர்வமாகப் பதிவான பிறகும் ஆலை 12 வருடம் ஓடியது. இதை வேதியியலின் தவறு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 12 வருடம் என்பது நிர்வாகக் கணக்கு.

ஆனாலும் உங்கள் ஊருக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. ஏரி, ஓடைகளின் அடிச் சேற்றில் காற்று இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தையும் மெத்தில் பாதரசமாக மாற்றவல்லவை. ஆகவே ஆலையில் ஆல்கைன் இல்லை என்பதால் நிம்மதி என்று சொல்லிவிட முடியாது.

இன்றைக்கு அசிட்டால்டிஹைடுக்கு இந்த வழி கிடையாது. 1950-களின் முடிவில் வாக்கர் முறை வந்து, பல்லேடியம் குளோரைடு, காப்பர் குளோரைடு இரண்டையும் வைத்து எத்திலீனிலிருந்தே (ஈத்தீனின் இன்னொரு பெயர்) தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அசிட்டிலீனே தேவைப்படவில்லை. 2013-ல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை பாதரச வழியை 2018-க்குள் நிறுத்தச் சொன்னது. தேர்வுத்தாளில் மட்டும் குச்செரோவ் வினை ஓய்வு பெறவில்லை.

கேள்வி: மலைவாழைத் தாருக்குக் கல் வைக்கக் கூடாது என்கிறார்கள், எத்திலீன் அறையில் வைக்கலாம் என்கிறார்கள். கல்லிலிருந்தும் வாயுதானே வருகிறது? பழத்துக்குள் இந்த வாயு என்ன செய்கிறது?
— வாழை விவசாயி, தாண்டிக்குடி

பதில்: கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீனும் சுண்ணாம்பும் வரும். பழம் காத்திருப்பது எத்திலீனுக்காக. அதற்கு இரட்டைப் பிணைப்பு, அசிட்டிலீனுக்கு முப்பிணைப்பு. கிட்டத்தட்ட ஒரே சாயல் என்பதால் பழம் ஏமாறுகிறது. எங்கே ஏமாறுகிறது என்று பார்த்தால், அங்கேயும் ஒரு உலோகம்தான் உட்கார்ந்திருக்கிறது! செடியின் செல்லில் எத்திலீனை உணரும் புரதத்துக்குள் ஒரு செம்பு அயனி இருப்பதை 1999-ல் உறுதிசெய்தார்கள். எத்திலீன் தன் எலக்ட்ரான் மேகத்தால் அந்தச் செம்பில் ஒட்டும். பழுக்க ஆரம்பி என்ற சைகை போகும். அசிட்டிலீனும் ஒட்டும், ஆனால் சரியாகப் பொருந்தாது; அதே விளைவு வர எத்திலீனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் தேவைப்படுகிறது. அதனால்தான் பொட்டலம் பொட்டலமாகக் கல்லைத் திணிக்கிறார்கள், தோல் மஞ்சளாகிறது, உள்ளே மாவும் காயும் மிச்சம்.

தடை அசிட்டிலீனுக்காக மட்டும் வந்ததல்ல. மலிவான கல்லில் பாஸ்பரசும் ஆர்சனிக்கும் கலந்திருக்கும், ஈரம் பட்டதும் அவையும் பாஸ்பீன், ஆர்சின் என்ற விஷ வாயுக்களாக வரும். கல்லைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற பூண்டு நாற்றம் அசிட்டிலீனுடையது அல்ல, பெரும்பாலும் பாஸ்பீனுடையது. இந்தியாவில் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை விற்பதே குற்றம். எத்திலீன் வாயுவுக்கு 100 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. விருப்பாட்சியும் சிறுமலையும் வாசனைக்காகவே விலை போகும் வாழைகள். அந்த வாசனை ஊறப் பொழுது கொடுக்காமல் கல்லை வைப்பது என்ன வியாபாரமோ!

இதைப் படிக்கும் குன்னூர், கோத்தகிரி கொய்மலர்க்காரர்களுக்கு: கார்னேஷன் பூவை வெட்டியதும் நனைத்து எடுக்கும் சில்வர் தயோசல்பேட் கரைசல் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. வெள்ளி அயனி போய்ச் செம்பின் இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். எத்திலீன் வந்து அதில் ஒட்டவும் செய்யும், ஆனால் சைகை போகாது; பூ வாடத் தொடங்குவதற்கான உத்தரவு வராமலே நாட்கள் நகரும். வெள்ளி அயனி எத்திலீனைத் தடுக்கும் என்பது 1976-லேயே தெரிந்த விஷயம். உபயோகித்த கரைசலை மட்டும் ஓடையில் ஊற்றாதீர்கள், வெள்ளி உப்பு நீர்வாழ் உயிர்களுக்கு விஷம்.

கேள்வி: எம்.எஸ்ஸி. படிக்கும் என் மகள், நாம் உருளைக்கிழங்குக்கு அடிக்கிற மயில்துத்தத்தை வைத்துத்தான் நோபல் பரிசு வாங்கினார்கள் என்கிறாள். கிண்டல் செய்கிறாளா, நிஜமா?
— சிறு விவசாயி, கட்டபெட்டு

பதில்: நிஜம்தான் ஐயா, சரக்கு அதே காப்பர் சல்பேட்தான். 2022 வேதியியல் நோபல் பரிசை பேரி ஷார்ப்லெஸ், மார்ட்டன் மெல்டால், கரோலின் பெர்டோஸி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஆல்கைனையும் அசைடு என்ற நைட்ரஜன் சேர்மத்தையும் சேர்த்தால் ஐந்து அணு வளையம் ஒன்று வரும் என்பது பழைய செய்தி. ஆனால் பல மணி நேரம் சூடாக்க வேண்டும், வளையம் இரண்டு விதமாக அமைந்து கலவையாக வரும். 2002-ல் ஷார்ப்லெஸ் அமெரிக்காவிலும் மெல்டால் டென்மார்க்கிலும் தனித்தனியாகக் கண்டது, துளி செம்பு சேர்த்தால் சாதாரண வெப்பநிலையில், தண்ணீரிலேயே வினை முடிகிறது, வேகம் ஒரு கோடி மடங்கு அளவுக்கு ஏறுகிறது, வளையமும் ஒரே விதமாக வருகிறது. மெல்டால் குழு தேடியது வேறு வினையை. ஆல்கைன் அவர்கள் எதிர்பார்த்த பக்கம் போகாமல் மூலக்கூறின் மறுமுனையில் இருந்த அசைடைப் பிடித்துக்கொண்டது. இங்கே செம்புக்குப் பதில் ருத்தேனியம் போட்டால், முப்பிணைப்பு ஓரத்தில் இருக்கும் ஆல்கைனில் வளையம் மற்ற விதமாக அமைகிறது. ஆல்கைனும் அசைடும் அதேதான், உலோகம் மட்டும் மாறியிருக்கிறது.

பட்டறைக்காரருக்குச் சொன்ன அந்தச் செம்பு–ஹைட்ரஜன் மாற்றம்தான் இதற்கும் முதல் படி. அங்கே ஆளைக் கொல்லும் அசிட்டிலைடு இங்கே துளித்துளியாக உருவாகி உடனுக்குடன் செலவாகிவிடுகிறது, சேர்வதே இல்லை.

ஆனால் மகளிடம் ஒன்று கேளுங்கள்: மயில்துத்தத்தை மட்டும் போட்டால் நடக்குமா? நீங்கள் போர்டோ கலவை தயாரிக்கும்போது, 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று கலக்கிவிட்டு அரிவாள் முனையை முக்கிப் பார்ப்பீர்கள் இல்லையா? செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, இன்னும் விடு என்று அர்த்தம். அங்கே நடப்பது, கரைசலில் மிச்சமிருக்கும் செம்பு அயனிக்கு அரிவாளின் இரும்பு இரண்டு எலக்ட்ரான் கொடுத்து முழு உலோகமாக்கிவிடுவது. மகளின் வினைக்கு இரண்டு எலக்ட்ரான் வேண்டாம், ஒன்று போதும். ஒன்று பெற்ற செம்புதான் ஆல்கைனைப் பிடிக்கும். அந்த ஒன்றைக் கொடுக்க அவர்கள் போடுவது சோடியம் அஸ்கார்பேட், அதாவது வைட்டமின் சி-யின் உப்பு. துத்தமும் வைட்டமின் சி-யும் போட்டு நோபல் என்று ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்தான்.

மூன்றாமவர் பெர்டோஸிக்கு எதற்குப் பரிசு? செம்பைத் தூக்கிப் போட்டதற்கு. உயிருள்ள செல்லுக்குள் இந்த வினையை நடத்த வேண்டியிருந்தது; செம்பு செல்லுக்கு ஆகாது. பூஞ்சைக்கு நீங்கள் அடிப்பதே அதனால்தானே! எட்டுக் கார்பன் வளையத்துக்குள் முப்பிணைப்பை வளைத்துத் திணித்தார். நேராக நிற்க வேண்டிய பிணைப்பு வளைந்த விறைப்பிலேயே, எந்த உலோகமும் இல்லாமல் அசைடோடு சேர்ந்துவிடுகிறது.

கேள்வி: தங்கத்தை வினைவேகமாற்றியாகப் போடுகிறார்களாமே. இன்றைய விலைக்குக் கட்டுமா?
— நகைக்கடைக்காரர், குன்னூர்

பதில்: கட்டுகிறது என்பதால்தான் போடுகிறார்கள். பி.வி.சி. பைப்புக்கு வேண்டிய வினைல் குளோரைடை, நிலக்கரி மலிந்த சீனாவில் அசிட்டிலீனிலிருந்தே தயாரிக்கிறார்கள். அதற்குக் கரித்தூளில் ஏற்றிய மெர்குரிக் குளோரைடுதான் வழக்கம். தனிம வரிசையில் பாதரசம் 80, அதற்கு முந்தைய வீடு 79, உங்கள் தங்கம். எலக்ட்ரான் மேகத்தைப் பிடிப்பதில் இரண்டும் பங்காளிகள். இந்த வினைக்குத் தங்கமே சிறந்ததாக இருக்கும் என்று 1985-லேயே பிரிட்டனின் கிரகாம் ஹட்சிங்ஸ் கணித்தார். இப்போது தொழிற்சாலை அளவுக்கு வந்துவிட்டது. கரித்தூளில் தங்கம் 1 சதவீதம்கூட இருக்காது. மெர்குரிக் குளோரைடு உலைச் சூட்டில் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும், தங்கம் இடத்தைவிட்டு நகராது. வீரியம் போன பிறகு கரியை எரித்துவிட்டுச் சாம்பலிலிருந்து தங்கத்தை மீட்டுக்கொள்ளலாம். பட்டறைத் தூசியைக் கூட்டி எடுத்துக் கொடுத்துக் காசாக்குகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.